தோணிக்குத் தண்ணி காட்டிய கதை

அம்மப்பாவின் தோணியைப் பழுதாக்கியது நாங்கள்தான். வாவியில் கிடந்த காலம் முழுக்க அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 2008 இல் அவர் மோசம் போன (காலமான) பிறகு, "அப்பாட சாமான், வெயில் மழையில கிடந்து போயிரும்" என்று அம்மா அழுதழுது சொல்ல, மாமாவும் பக்கத்து வளவுப் பெடியன்களும் சேர்ந்து தூக்கிவந்து, ஒரு தகரக் கொட்டில் அடித்து, இரண்டு தென்னங்குற்றிகளுக்கு மேல் சாமியை ஏற்றுவதுபோல் ஏற்றி வைத்தார்கள். பதினைந்து வருடம் அது அங்கேயே கிடந்தது. இடையில் கோழி அடைகாத்தது, பழைய வலை, உரப்பை, என்னுடைய ஓட்டைச் சைக்கிள் எல்லாம் அதற்குள் போனது. யாரும் அதை விற்கவும் இல்லை, விறகாக்கவும் இல்லை. அவ்வளவு பாசம்.

எங்கள் ஊர் அம்பிளாந்துறைப் பக்கம். மட்டக்களப்பை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன்: வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது, சூரியன் எழும் கிழக்குக் கரை எழுவான்கரை, படும் மேற்குக் கரை படுவான்கரை. வயல் எல்லாம் படுவான்கரையில், பெரிய வீதியும் ஆஸ்பத்திரியும் பெரிய சந்தையும் எழுவான்கரையில். எனவே எதற்கும் தண்ணீரைக் கடக்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு "பாதை" என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதக்கும் பாதைதான், தரையில் இருப்பது ரோட்டு. பாதை நிற்கிற நேரத்திலும், சண்டைக்காலத்தில் அது ஓடாத நாட்களிலும் தோணிதான். நெல் மூட்டை, பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருதரம் ஒரு கன்றுக்குட்டி. அம்மப்பா மீன்காரர் இல்லை, வயல்காரர், ஆனாலும் இரவில் ஒரு வலை போடாமல் படுக்கமாட்டார்.

தோணிக்கு மரம் கொடுத்தது 1978 சூறாவளி. நவம்பர் 23 இரவு அடித்த அந்தக் காற்றைப் பற்றி எங்கள் வீட்டில் கதை தொடங்கினால் சோறு ஆறிவிடும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்: விடியும்போது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன, பின்வளவில் நின்ற கிழட்டு மாமரம் வேரோடு கிளம்பிக் கிணற்றின்மேல் கிடந்தது. அடுத்த வருடம் அந்த அடிமரம் பதினாறு அடித் தோணியானது. அகலம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வேப்பம்பலகை கயிற்றால் தைத்துச் சேர்த்து விளிம்பு உயர்த்தியிருந்தது, உள்ளே பூவரசங்கவட்டில் வளைவாகவே எடுத்த மூன்று வங்கு, தோணியின் விலா எலும்பு.

2023 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எனக்குப் பைத்தியம் பிடித்தது. கொழும்பில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கிறவனுக்கு வரும் பைத்தியம். கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தால் அணியத்திலிருந்து (முன்முனை) நடுவரை கைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, கடையால் (பின்முனை) பக்கம் இன்னும் இரண்டு, தையல் கயிறு தொட்டால் தூளாகிறது. சரி, வெடிப்புத்தானே, அடைத்தால் போச்சு என்று, கார் டிங்கரிங் கடைகளில் பூசுவார்களே அந்த பில்லரை நாலு டின் வாங்கிவந்து, மூன்று நாள் குந்தியிருந்து எல்லா வெடிப்பையும் நிரப்பி, மட்டத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே நீல எனாமல் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்துப் போட்டேன், இருநூறுபேர் விரும்பினார்கள். பிறகு தண்ணீரில் இறக்கினோம். முதல் நாள் ஒழுகியது. மூன்றாம் நாள் காலையில் மாமா கூப்பிட்டுக் காட்டினார்: நான் அடைத்த பில்லர் கல்லுப்போல அப்படியே இருக்க, அதன் நுனியிலிருந்து வெடிப்பு இன்னும் ஒரு முழம் முன்னால் ஓடியிருந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் ஒருவரைக் கூட்டிவந்தார். மண்டூர்ப் பக்கத்துத் தச்சர், வயது எழுபதுக்கு மேல், தோணி வேலை விட்டுப் பத்துவருடமாகிறது, இப்போது கதவு ஜன்னல்தான். என் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் பெரியப்பா என்று கூப்பிட்டேன். தோணியை ஒரு சுற்றுச் சுற்றினார், ஆணி ஒன்றால் அங்கங்கே குத்திப் பார்த்தார், பில்லரில் நகத்தால் கீறினார்.

"என்ன மனே செஞ்சி வெச்சிரிக்காய்? பல்லுக்குள்ள கல்ல வெச்சிட்டு வாய மூடுண்டா மூடுமா?"

அவர் சொன்னது அப்போது பகிடியாகத்தான் பட்டது. பிறகு வாசித்தும் கேட்டும் எனக்கு விளங்கியது இது. பச்சை மரம் காயும்போது முதலில் போவது நார்க்குழாய்களுக்குள் இருக்கும் தண்ணீர், அது போவதால் மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் குழாய்ச் சுவரிலிருந்தே தண்ணீர் விலகும், அப்போதுதான் சுருக்கம். நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டைப் பக்கமாக ஓரளவு சுருங்கும், வட்டம் சுற்றிய வாக்கில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தால்தான் எந்தக் குற்றியை வெயிலில் போட்டாலும் நட்சத்திரம்போல் வெடிக்கிறது, தோணியில் வெடிப்பு எப்போதும் நீளமாக ஓடுகிறது. தோணி குடையும்போது நடுச்சோற்றைத் தோண்டி எடுத்துவிடுவதால் முழுக் குற்றியைவிட அது கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் நார் வெட்டுப்பட்ட இரண்டு முனையிலும், அணியத்திலும் கடையாலிலும், பக்கங்களைவிடப் பலமடங்கு வேகமாக ஈரம் போகும். அம்மப்பா வருடா வருடம் கச்சான் தொடங்கமுன் அந்த இரண்டு முனைக்கும் எண்ணெயையும் சாணியையும் குழைத்து அப்பிவைப்பார், நான் சின்ன வயதில் அதை ஏதோ கண்ணூறு கழிக்கும் சடங்கு என்று நினைத்திருந்தேன். (கச்சான் என்றால் இங்கே கடலை இல்லை, மேற்கிலிருந்து வரும் சுடுகாற்று. காயப்போட்ட சாரம் கால்மணியில் அப்பளமாகும்.)

அப்படியானால் வெடிப்பு என்பது புண் இல்லை, தாகம். மரம் தண்ணீர் குடித்தால் வீங்கும், வீங்கினால் பெரும்பாலான வெடிப்பு தானே மூடும். நான் மூடவேண்டிய இடத்துக்குள் கல்லைச் செருகிவிட்டேன், வீங்கின மரம் அந்தக் கல்லைத் தள்ளமுடியாமல் தன்னையே கிழித்துக்கொண்டது. பதினைந்து வருடம் தகரத்துக்குக் கீழே அவித்தது முதல் பிழை, அந்தக் காய்ந்த உடம்பை அப்படியே பூசி மெழுகியது இரண்டாவது. முதலாவதற்கு முழுக் குடும்பமும் பொறுப்பு, இரண்டாவது எனக்கு மட்டும் சொந்தம்.

பில்லரை உளியால் கொத்தி எடுக்க ஒரு கிழமை போனது. பெயின்ற்றைச் சுரண்ட இன்னொரு கிழமை, அதற்குள் என் லீவு முடிந்து, மாமாவின் மகன்தான் மிச்சத்தைச் சுரண்டினான். அதன்பிறகு பெரியப்பா சொன்ன வேலை எனக்கு நம்பமுடியாததாக இருந்தது: தோணியை வாவியில் தாழ்க்கச் சொன்னார். உண்மையிலேயே தாழ்ப்பது. கண்டல் நிழலில் இடுப்பளவு தண்ணீருக்குள் கொண்டுபோய், மணல் நிரப்பிய உரப்பைகளை உள்ளே அடுக்கி, முழுக்க மூழ்கும்வரை. மூன்று கிழமை அப்படியே விடச்சொன்னார். அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஆளையும் சேர்த்துத் தாழ்த்திருப்பா.

ஏன் மாசி மாதத்தில் அதைச் செய்தோம் என்பதற்கும் காரணம் உண்டு. மாரியில் வயல்வெளித் தண்ணீரெல்லாம் வாவிக்கு வந்து சேர்ந்து, பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெட்டி விடும்வரை வாவி நல்ல தண்ணியாகிக் கிடக்கும். அப்புறம் மெல்ல மெல்லக் கடல் உள்ளே வந்து, ஆடி ஆவணியில் முகத்துவாரத்துக்குக் கிட்ட உள்ள இடங்களில் வாயில் வைக்கமுடியாத சவர். சவர்த் தண்ணியில் கப்பற்புழு இருக்கும். பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டி இனம், ஓடு சிறுத்துத் தலைநுனியில் துளையிடும் கருவியாகிவிட்டது. குஞ்சாக இருக்கும்போது குண்டூசி நுனியளவு ஓட்டையால் மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் மரம் நல்லாயிருக்கும், காலை வைத்தால் பாண் மாதிரி நொறுங்கும். 1503 இல் கொலம்பஸ் ஜமெய்க்காக் கரையில் கப்பல்களைத் தரைதட்ட விட்டு ஒருவருடம் சிக்கிக்கிடந்ததற்குக் காரணம் இந்த மட்டிதான். நல்ல தண்ணியில் இது பிழைக்காது. எனவே தாழ்ப்பதென்றால் மாரி முடிவில் தாழ்க்க வேண்டும், சவரேறமுன் எடுத்துவிட வேண்டும்.

"அப்ப உக்காதா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"முழுக்க நனைஞ்சதும் உக்காது, முழுக்கக் காஞ்சதும் உக்காது. ரெண்டுங்கெட்டானாக் கிடந்தாத்தான் மனே உக்கும்."

அவர் சொன்னதுதான் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே போனால் அதற்குப் பஞ்சம், தண்ணீருக்குள் முழுக்க மூழ்கினால் அதற்கு மூச்சில்லை. நெதர்லாந்தில் பெஸ்ஸ என்ற ஊரில் 1955 இல் நெடுஞ்சாலை போடத் தோண்டும்போது சேற்றுக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது, ஒரே பைன் மரத்தில் குடைந்தது, மூன்று மீற்றர் நீளம், வயது ஏறத்தாழ பத்தாயிரம் வருடம். அதைக் காப்பாற்றியது சேறு. எங்கள் தோணிக்கு வாய்த்தது தகரக் கொட்டில், அதிலும் கடையாலுக்கு நேர்மேலே ஆணி கழன்ற ஒரு ஓட்டை. பதினைந்து மாரியும் அந்த ஓட்டையால் மழைத்தண்ணி சொட்டுச்சொட்டாக விழுந்து, உள்ளே கால்சாண் தேங்கி, காய்ந்து, தேங்கி, காய்ந்து, அந்த இடம் மட்டும் புட்டுப்போலாகியிருந்தது. மழைத்தண்ணி நல்லதுதானே என்று நினைப்போம். தோணிக்கு அதுதான் சத்துரு, உப்புத்தண்ணி மரத்துக்கு ஒருவகையில் ஊறுகாய் போட்டதுபோல. உக்காத மரம் எதுவென்று பார்த்தால் மாமரம் கடைசி வரிசையில்தான் வரும், மெத்தை மரம், பூச்சிக்கும் பிடித்த மரம். லேசு, குடைய இலகு, பெரிய அடிமரம் கிடைக்கும் என்பதால் எடுப்பது. அது முப்பது வருடம் ஓடியதற்குக் காரணம் சவரும் எண்ணெயும் ஓய்வில்லாத வேலையும் என்பது பெரியப்பாவின் கட்சி.

மூன்று கிழமை கழித்து மணற்பையை எடுத்துத் தோணியைக் கவிழ்த்தபோது நானும் நின்றேன், அதற்கென்றே பஸ் ஏறி வந்தேன். கடையால் பக்கத்து இரண்டு வெடிப்பும் மயிரிழையாகிவிட்டன. நடுவெடிப்பு, நான் கெடுத்தது, பாதிதான் மூடியிருந்தது.

அப்போதுதான் உண்மையான வேலை தொடங்கியது. உக்கின இடத்தைச் சத்தம் மாறும்வரை கொத்தி எடுத்தார், சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் "டண்" என்னும், கெட்டது "தொப்" என்னும். ஒட்டு வைக்கப் பலகை தேடியது தனிக்கதை. சாவண்டலை கிடைத்தால் திறம் என்றார். ஒருகாலத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே அதை அழைத்தார்கள், சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் இங்கே சாராயப் பீப்பாய்களுக்கும் போன மரம். மரக்காலை மரக்காலையாக ஏறி இறங்கினேன், ஒருவர் சாவண்டலை என்று வேறு எதையோ கட்டப்பார்த்தார், பெரியப்பா மணந்துபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஈரப்பலா கேட்டால் வெட்டவே அனுமதி வேண்டும், பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் காவல் நிற்கிறது, நல்ல சட்டம், எனக்கு அன்று மட்டும் பிடிக்கவில்லை. கடைசியில் மாமா வீட்டு பழைய வாசற்படி நிலை ஒன்று கிடைத்தது, வேம்பு, நாற்பது வருடம் பழகின மரம். அதை வாச்சியால் (செதுக்கும் கோடரி) தோணியின் வளைவுக்குச் செதுக்கி, ஓரத்தைச் சரிவாக இழைத்து, செப்பாணியால் அறைந்தார். இரும்பாணி வேண்டாமாம். இரும்பு சவரில் துருப்பிடித்து வீங்கும், சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து உக்கவைக்கும்.

நான் ஆசையாகக் கேட்ட ஒரு கேள்வி: இந்தத் தோணியைக் குடைந்தது உங்கள் ஆட்களா? உள்பக்கத்து வாச்சித் தழும்புகளைக் கையால் தடவிப்பார்த்தவர், "எங்கட ஆக்கள் இல்ல. இவன் இடக்கையன்" என்றார். தழும்பு எல்லாம் மறுபக்கம் சரிந்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன், மாமாவிடம் கேட்டேன், ஊரில் மூத்தவர்களிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. ஒரு இடக்கைத் தச்சன், 1979, அவ்வளவுதான்.

தையல் வேலையில் எனக்கும் ஒரு நுனி கிடைத்தது. தும்புக்கயிற்றை நனைத்து, மேற்பலகையின் ஓட்டைக்கும் உடம்பின் ஓட்டைக்கும் குறுக்கும் மறுக்கும் இழுத்து, இடையில் தும்பை வரிந்து வைத்து இறுக்க வேண்டும். ஒருவர் இழுக்க ஒருவர் ஆப்பு அடிப்பார். தென்னந்தும்பு உப்புத்தண்ணிக்கு லேசில் மசியாது, அதனால்தான் இந்து சமுத்திரக் கரைகளில் எத்தனையோ நூற்றாண்டாகக் கப்பலையே தைத்தார்கள். தைத்த தோணி தரைதட்டினால் நெளிந்துகொடுக்கும், ஆணியடித்தது பிளக்கும். இரண்டு நாளில் என் உள்ளங்கை பொங்கிவிட்டது, பெரியப்பா ஒரே மூச்சில் பத்துத் தையல் போட்டார். பிறகு கலப்பற்று: நடுவெடிப்பிலும் தையல் ஓட்டைகளிலும் பஞ்சைத் திரித்து மொட்டை உளியால் செருகி, குங்கிலியத்தைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றுவது. பில்லருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை, அவரே பஞ்சை அமுக்கிக் காட்டினார். மரம் வீங்கினால் இது நசியும், சுருங்கினால் கூடவே வரும். சட்டிக்குத் தீப்பிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அடுப்பை நான்தான் பார்த்தேன்.

எண்ணெயில் இன்னொரு பாடம். கஜு (முந்திரி) கொட்டைத் தோலிலிருந்து வரும் எண்ணெய் மரத்துக்கு நல்லது, பூச்சி அண்டாது. தோலில் பட்டால் வெந்துபோகும் என்றும் சொன்னார்கள், நான் கையுறை போடாமல் துணியால் பூசி, முழங்கை வரை கொப்புளத்தோடு கொழும்புக்குப் போனேன். அதற்குமேல் சுறாவெண்ணெய் இரண்டு தரம். அந்த நாற்றம் என் பையிலிருந்து போக மாதக்கணக்கானது, மனைவி இன்னும் போகவில்லை என்கிறா.

இவ்வளவுக்கும் செலவான காசுக்கு ஒரு ஃபைபர் தோணி வாங்கியிருக்கலாம் என்பது மாமாவின் கணக்கு, கணக்கில் பிழை இல்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. லேசு, உக்காது, புழுத் தின்னாது, ஒரு ஆள் தனியே கரைக்கு இழுக்கலாம். தினமும் வலைபோட்டுச் சீவிக்கிறவர் அதை எடுக்காமல் மாமரத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கொழும்பிலிருந்து சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும், உடைந்த ஃபைபரை எரிக்கவும் முடியாது, மண் தின்னவும் தின்னாது, எங்கள் துறையடியில் இரண்டு துண்டு கிடக்கிறது, வெயிலில் நார் நாராகக் கிளம்பி, அதில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் இறக்கினோம். முதல் நாள் காலையில் ஒன்பது சிரட்டைத் தண்ணீர் இறைத்தேன், ஒரு கிழமையில் அது இரண்டு சிரட்டையாகியது. அந்த இரண்டையும் நிற்பாட்ட என்ன செய்யலாம் என்று பெரியப்பாவைக் கேட்டதற்கு, "அது கிடக்கட்டும் மனே, ஒள்ளுப்பம் ஒழுகத்தான் வேணும்" என்றார். அணியத்தில் வார்னிஷ் அடித்துப் பெயர் எழுதும் என் திட்டத்துக்கும் அவர் அனுமதி தரவில்லை. நானும் விட்டுவிட்டேன். வார்னிஷ் அடித்த தோணியை யாராவது மறுபடி கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்குப் போனால் பெரிய காரியம், தோணிக்குத் தேவை தினமும் ஏறுகிற ஆள். மாமாவின் மகன் உயர்தரம் எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை நண்டுவலை போடுவதாக எடுத்துக்கொண்டான். றிசல்ட் வந்தபிறகும் போடுகிறான். சவள் (துடுப்பு) பிடிக்க இன்னும் தெரியவில்லை, நேரே போகவேண்டிய தோணி கிறுகிக் கிறுகிப் போகிறது, அணியத்தை இரண்டுமுறை துறைக்கல்லில் மோதிவிட்டான், கேட்டால் கீறல்தான் அண்ணன் என்கிறான்.

போன ஆடியில், கச்சான் பேயாட்டம் ஆடிய ஒரு மத்தியானம், ஒஃபிசில் இருக்கும்போது அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணன், மூணு நாளா தோணிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இறைக்கவே தேவையில்ல, நல்லம் என்ன?"

"டேய், ரெண்டு வாளி ஊத்துடா."

"உள்ளுக்கா?"

"உள்ளுக்குத்தான். வாவித்தண்ணி. கிணத்துத்தண்ணி ஊத்திராத."